முதியோருக்கு ஓர் ஆயத்தப் பை

(மழைக்காலத்துக்கு முன் கடலோரச் சபைகளின் கூட்டமொன்றில் எங்கள் ஆஸ்பத்திரியின் கிராம சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை. வர இயலாத நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



எங்கள் ஆஸ்பத்திரியைப் பல ஆண்டுகளாக ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவருகிற உங்கள் முன் பேசக் கிடைத்த இந்த நேரத்துக்காக நன்றி கூறுகிறோம். வழக்கமாக நாங்கள் வந்தால் புதிய வார்டைப் பற்றியோ புதிய கருவியைப் பற்றியோ பேசுவோம். இன்று ஒரு துணிப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்ததும், பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமற் போனதும் உங்களுக்குத் தெரியும். புயல் கடந்து சில நாட்களுக்குள் எங்கள் குழு ஒரு பள்ளிக்கூட முகாமுக்குச் சென்றது. காயம்பட்டவர்கள் அதிகம் வருவார்கள் என்று நினைத்துக் கட்டுத்துணியும் தையல் சாமான்களும் கொண்டுபோனோம். ஆனால் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் காயமில்லாத முதியவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது தினமும் சாப்பிடும் மாத்திரை.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, தாத்தா?" என்று எங்கள் நர்ஸ் ஒரு பெரியவரைக் கேட்டார்.

"வெள்ளை மாத்திரைம்மா. காலையில ஒண்ணு, ராத்திரி அரை."

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"பெரிய ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. சீட்டு கூரையோட போச்சு."

எங்கள் மேசையில் மட்டும் வெள்ளை மாத்திரை ஏழெட்டு வகை இருந்தன. இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, இருதயத்துக்கு ஒன்று, வலிப்புக்கு ஒன்று. அவற்றில் எது அவருடையது என்று யாரால் சொல்ல முடியும்? திடீரென்று நிறுத்தினால் ஆபத்தை உண்டாக்கும் மருந்துகள் உண்டு. வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு மாத்திரை, சில இருதய மாத்திரைகள், வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரை ஆகியவை அந்த வகை. தவறாகக் கொடுத்தாலும் ஆபத்து; கொடுக்காமல் விட்டாலும் ஆபத்து. அன்று அந்தத் தாத்தாவின் இரத்த அழுத்தத்தை அளந்து, நாடி பார்த்து, எங்களுக்குத் தெரிந்த மட்டும் செய்து அனுப்பினோம். மனநிறைவோடு அனுப்பினோம் என்று சொல்ல முடியாது.

அதே முகாமில் ஒரு பாட்டி சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அலுப்பு என்று வீட்டார் நினைத்தார்கள். தொட்டுப் பார்த்தால் உடம்பெல்லாம் வியர்வை. சர்க்கரை அளவு 42-க்கு இறங்கியிருந்தது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு வண்டி வழியில் விழுந்துகிடந்த மரங்களைத் தாண்டிப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வந்தது. நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். தெளிந்ததும், "சாப்பாடு வந்துரும்னு நெனச்சுப் போட்டுட்டேன் சிஸ்டரம்மா" என்றார்கள். அந்தப் பாட்டி மாத்திரையை மறக்காமல் எடுத்துவந்தவர்கள். கூட ஒரு பிஸ்கட் பொட்டலம் மட்டும் இல்லை.

இன்னொரு அம்மா இரண்டு நாளாய்த் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. கழிப்பறை மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்தது, வழியெல்லாம் சேறு, அவர்களுக்கு மூட்டுவலி. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதென்று வாயை அடக்கிக்கொண்டார்கள். முடிவில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து சேர்ந்தன. புயல் அவர்களைத் தொடவில்லை. புயலுக்குப் பின் வந்த இரண்டு நாட்கள்தான் அவர்களைப் படுக்கவைத்தன.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2005-இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி லூசியானா மாநிலத்தைத் தாக்கியபோது அங்கே இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 2011-இல் ஜப்பானில் ஆழிப்பேரலை வந்தபோதும் மடிந்தவர்களில் பெரும்பகுதி 60 வயதைக் கடந்தவர்களே. பணமும் வசதியும் உள்ள நாடுகளிலேயே இப்படி என்றால், ஓட்டு வீட்டில் தனியாயிருக்கும் நம் முதியோரைப் பற்றி நாம் எவ்வளவு கரிசனையாய் இருக்க வேண்டும்!

இப்போது எங்கள் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டும். அடுத்த ஆண்டு, உங்களைப் போன்ற நண்பர்களின் உதவியோடு, சில கிராமங்களில் முதியோருக்கு அவசரப் பைகள் கொடுத்தோம். நல்ல பை, ஜிப் வைத்தது. டார்ச், சோப்பு, துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்துக் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டோம். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒரு வீட்டில் அந்தப் பையில் கலியாணப் புடவை இருந்தது. ஒரு வீட்டில் பேரன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தான். ஒரு வீட்டில் பரண்மேல் இருந்தது. இறக்கிப் பார்த்தால் டார்ச்சில் பேட்டரி கசிந்து துருப்பிடித்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து நாங்களே பட்டியல் போட்டோம். பையைச் சுமக்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் எங்களிடம் வெளிப்படையாய்ச் சொன்னார்கள்: "பை நல்லாத்தான் இருக்கு. இதைத் தூக்கிக்கிட்டு என்னையும் கூட்டிக்கிட்டுப் போக யாரு இருக்கா?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு பையோடு மூன்று காரியங்களைச் சேர்த்துக்கொண்டோம். பையில் என்ன இருக்க வேண்டும், அதை எப்போது புதுப்பிக்க வேண்டும், யார் தூக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டினால் பிரயோஜனமில்லை.

முதலாவது, பை. புதுப்பை வேண்டாம். தோளில் மாட்டக்கூடிய பழைய பை போதும். ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் துணைக்கு வருபவரின் கரமும் இருக்க வேண்டும். ஆகவே கையில் தூக்கும் பை ஆகாது. நிறைந்த பை நாலு கிலோவுக்கு மேல் போகாதிருப்பது நல்லது. பொருட்களை பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கட்டிய பிறகே பையில் வையுங்கள். வாசலுக்கு அருகே, நின்றபடி எட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். பீரோவிலும் பரணிலும் வேண்டாம்.

மருந்து: குறைந்தது ஏழு நாளைக்கு வேண்டியது இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள்; மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையில்தான் இருக்கின்றன. மருத்துவச் சீட்டின் நகல் ஒன்றையும் வையுங்கள். அதோடு ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் பெயர், வயது, என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பவற்றை எழுதி வையுங்கள். "மகன் நம்பர் போனுக்குள்ள இருக்கு" என்பார்கள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் மகனும் அதற்குள்ளேயே இருந்துவிடுவார்! தாளில் எழுதுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்பெட்டி இல்லையே என்று பயந்து ஊசியை நிறுத்திவிட வேண்டாம். திறக்காத பாட்டில்களை 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டியதுதான். ஆனால் பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில், வெயில் படாமல், சுமார் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். ஐஸ் கட்டிக்குள் நேராகப் புதைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உதவாது. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டில் 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகைப் பாட்டில்கள் விற்கின்றன. அவற்றுக்கு ஊசியும் வேறு வேறு. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் போய்விடும். முகாமில் யாரோ தரும் ஊசியை நம்பாமல், உங்கள் பாட்டிலுக்குரிய ஊசிகளைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் யாவரும் சிறு பொட்டலம் சர்க்கரையும் பிஸ்கட்டும் வைத்திருக்க வேண்டும். படபடப்பு, வியர்வை, தடுமாற்றம் கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-க்குச் சொல்லுங்கள். முகாமில் சாப்பாடு எப்போது வருமென்று தெரியாது. உணவோடு போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை அந்த நாட்களில் எப்படிப் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கண், காது, பல், கால்: பழைய மூக்குக் கண்ணாடியை எறியாமல் பையில் போடுங்கள். காதுக் கருவிக்கு மாற்றுப் பேட்டரி, பல்செட்டுக்கு ஒரு சிறு டப்பா, நழுவாத செருப்பு ஒரு ஜோடி வையுங்கள். ஊன்றுகோலில் பெயரை எழுதி ஒட்டுங்கள். கூட்டத்தில் எல்லாக் கோலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிறு டார்ச்சும் ஒரு விசிலும் வையுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், நெருக்கமான இடத்தில் தீ ஆபத்து.

உணவும் தண்ணீரும்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் வேண்டும். அது முதியவர் தோளுக்கு ஆகாது. அவர் பையில் ஒரு லிட்டர் போதும். மீதியை வீட்டாரோ துணைவரோ சுமக்கட்டும். மெல்லுவதற்குக் கடினமில்லாத அவல், பிஸ்கட், பேரீச்சம்பழம் வையுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி இரண்டு பொட்டலம் வைக்கலாம். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். இருதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் இதைப்பற்றியும் முன்னதாக டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

துணியும் சுத்தமும்: ஒரு மாற்று உடுப்பு, ஒரு போர்வை, துண்டு, சோப்பு. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்த துணிகள், அல்லது பெரியவர்களுக்கான டயப்பர். சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர்களுக்கு மாற்றுப் பை ஒன்று. இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்த அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்; கூச்சப்படாமல் வையுங்கள். முகாமுக்கு முதலில் போகிறவர்களுக்குக் கழிப்பறைக்கு அருகே இடம் கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தாள்கள்: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மருத்துவக் காப்பீட்டு அட்டை இவற்றின் நகல்களை இரட்டை உறையில் வையுங்கள். மின்சாரம் போனால் ஏ.டி.எம். வேலை செய்யாது, ஆகவே கொஞ்சம் பணம், பத்தும் இருபதும் ஐம்பதுமாக. பெரிய எழுத்து வேதாகமம் வேண்டுமென்று பல தாய்மார் கேட்டார்கள். அது கனம். சிறிய புதிய ஏற்பாடோ, மனதுக்குப் பிடித்த பாட்டுப் புத்தகமோ வையுங்கள் என்றோம். ஒரு பாட்டி மறைந்த கணவரின் படத்தை வைத்தார்கள். அதுவும் மருந்துதான், நாங்கள் தடுக்கவில்லை.

ஞாபகமறதி உள்ள பெரியவர்களானால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துணித்துண்டைச் சட்டையின் உட்புறத்தில் தைத்துவிடுங்கள். புதிய இடத்தில் இரவில் எழுந்து நடந்துபோய்விடுவார்கள். பை அவர்களோடு போகாது, சட்டை போகும்.

இரண்டாவது, புதுப்பித்தல். மாதந்தோறும் மருந்து வாங்கும் நாளில் புதிய அட்டையைப் பையில் வைத்து, பையிலிருந்த பழைய அட்டையை எடுத்துச் சாப்பிடத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் எதுவும் காலாவதியாகாது, கூடுதல் செலவும் ஒரே ஒரு முறைதான். 2021-இல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்களும் இப்படியே செய்யலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு அன்று ஆராதனை முடிந்ததும் பைகளைத் திறந்து பார்ப்பது என்று சில சபைகள் வழக்கமாக்கிக்கொண்டன.

மூன்றாவது, தூக்கும் கை. ஒவ்வொரு முதியவருக்கும் இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். ஒருவர் பக்கத்து வீட்டார். மற்றவர் சபையின் வாலிபர் ஒருவர். அவர்கள் பெயரும் அட்டையில் இருக்கும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்ற இடத்தில்தான் முதியவர்கள் விடப்படுகிறார்கள். பெரியவர்கள் புறப்பட மறுப்பதற்கும் காரணம் உண்டு: ஆடு, கோழி, பூட்டாத கதவு, முகாமில் அவமானமாய் இருக்குமோ என்ற பயம். அதை முன்னமே கேட்டு ஏற்பாடு செய்துவைத்தால் அன்றைக்கு வாதாட வேண்டியதில்லை.

எப்போது புறப்படுவது? வானிலை ஆய்வுத் துறை புயலைப்பற்றிய முதல் அறிவிப்பை ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு முன்னும், அடுத்ததை 48 மணி நேரத்துக்கு முன்னும், மூன்றாவதை 24 மணி நேரத்துக்கு முன்னும் தருகிறது. இளைஞர்கள் கடைசி அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். முதியவர்கள் இரண்டாவது அறிவிப்பிலேயே, பகல் வெளிச்சத்தில், மழைக்கு முன் புறப்பட வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவர்களும், ஆக்ஸிஜன் கருவி வைத்திருப்பவர்களும் முகாமுக்குப் போகாமல், முதல் அறிவிப்பிலேயே ஆஸ்பத்திரி உள்ள ஊரிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, முதியோர் உதவிக்கு 14567. இவற்றையும் அட்டையில் எழுதுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை நமக்கு நேரம் தரவில்லை. இப்போது ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இருக்கிறது. என்றாலும் நிலம் நன்றாய் அதிர்ந்தாலோ, கடல் உள்வாங்கினாலோ பையை மறந்துவிட்டு உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள். பைக்காக ஒருவரும் திரும்பி வீட்டுக்குள் போகக் கூடாது. கடலோரம் இல்லாதவர்களுக்கும் ஒரு சொல்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணிக் கரையில் வெள்ளம் வருமென்று நினையாதவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது.

2020 நவம்பரில் நிவர் புயல் நேரத்தில் மீண்டும் ஒரு முகாமுக்குப் போனோம். முகக்கவசம் போட்ட காலம். எங்களிடம் "யாரு இருக்கா?" என்று கேட்ட அதே பாட்டி அங்கே இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் முந்தின நாள் பகலிலேயே கூட்டிவந்துவிட்டானாம். நாங்கள் கொடுத்த ஜிப் பை அல்ல, ரேஷனுக்கு எடுத்துப்போகும் பழைய பைக்குத் தோள்பட்டி தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அட்டையை நீட்டினார்கள். எங்கள் நர்ஸ் படித்துப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் மாத்திரையைச் சரிபார்த்துவிட்டார். பிறகு பாட்டி தம் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துப் பக்கத்திலிருந்த இன்னொரு அம்மாவுக்குக் கொடுத்தார்கள்.

அன்பானவர்களே, இந்தப் பைகளுக்காக நாங்கள் இன்று காணிக்கை கேட்கவில்லை. உங்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்கிறவர்களின் பெற்றோர். சிலர் அந்தப் பெற்றோரின் பிள்ளைகள். பிள்ளைகளாயிருப்பவர்கள் இன்றிரவு வீட்டுக்குப் பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபின், "வாசல் ஆணியில் பை தொங்குகிறதா? அதிலே மாத்திரை எந்த மாதம் வைத்தது? யார் கூட்டிப்போவார்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், அந்தத் தெருவிலிருக்கும் ஒருவருக்கு இந்த வாரமே பேசுங்கள். பிள்ளைகள் இல்லாத முதியவர்கள் உங்கள் சபையில் இருந்தால், அவர்களுடைய அட்டையில் உங்கள் பெயரை எழுதிக்கொடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வெளித்திண்ணையில் எங்கள் நர்ஸ்கள் அட்டைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். மருந்துச் சீட்டைக் கொண்டுவந்திருக்கும் பெரியவர்கள் எழுதிவாங்கிக்கொண்டு போகலாம்.